அழாத குழந்தை

1952ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மாநகரிலுள்ள அரச மருத்துவக் கழகத்தில் ஒரு திரைப்படம் காட்டப்பட்டது. 'இரண்டு வயதுக் குழந்தை வைத்தியசாலைக்குப் போகிறது' என்பது அதன் பெயர். லோரா என்னும் இரண்டு வயதும் ஐந்து மாதமுமான சிறுமி, தொப்புட் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெறும்பொருட்டுத் தாயைப் பிரிந்து எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருக்கிறாள். படத்தில் நிகழ்வது இவ்வளவே. நடிப்பில்லை, கதையமைப்பில்லை. ஒவ்வொரு நாளும் குறித்த நேரங்களில், கைக்கமரா ஒன்றினால், சுவரிலுள்ள மணிக்கூடும் தெரியும்படியாக அவள் படம்பிடிக்கப்பட்டாள். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்னும் பழி வராதிருத்தற்கே அம்மணிக்கூடு.

லோரா பெரிதும் அழவில்லை. அவ்வப்போது அவள் முகம் கோணும், பின் அடங்கும். தாயைக் கேட்பாள்; கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். கரடிப் பொம்மையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையையும் இறுக அணைத்தபடி கிடப்பாள். எட்டாம் நாள் தாய் வந்து அழைத்துச் செல்கையில் தன் பொருள்களைத் தானே சுமந்துகொண்டு நடந்தாள். தாயின் கையைப் பற்ற மட்டும் மறுத்துவிட்டாள்.

படம் முடிந்ததும் சபையில் எழுந்தது அனுதாபமன்று, கோபம். படம்பிடித்தவர் குழந்தை வைத்தியத்துறையையே அவதூறு செய்கிறார் என்றனர் சிலர். லோரா விதிவிலக்கான குழந்தை என்றனர் வேறு சிலர். படத்தை மீளப்பெறவேண்டும் என்ற குரலும் எழுந்தது. தம் வார்ட்டுகளிலுள்ள குழந்தைகள் மகிழ்ச்சியுடனேயே இருக்கின்றனர் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தைப் பொய்யென்று எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் கண்டதையே சொன்னார்கள். வைத்தியசாலைக்கு வந்த குழந்தை முதற் சில நாட்கள் வீரிட்டழும்; பின்னர் அழுகை ஓயும்; கொடுத்ததை உண்ணும்; எந்தத் தாதி வந்தாலும் சிரிக்கும். 'பழகிவிட்டது' என்பார்கள். பெற்றோர் வந்து போனாலோ மீண்டும் அழும். ஆகவே பெற்றோரின் வருகையே குழந்தைக்குக் கேடு என்று தீர்மானிக்கப்பட்டது. அக்காலத்து இலண்டன் வைத்தியசாலைகளுட் சில வாரத்தில் ஓரிரு மணிநேரமே பெற்றோரை அனுமதித்தன. முதல் மாதம் முழுவதும் அனுமதிக்காதனவும் இருந்தன. தொற்றுநோய் பற்றிய அச்சம் இதற்கு ஒரு காரணம். பெனிசிலின் வருமுன் அது நியாயமான அச்சமுமாகும். மருந்து வந்தபின்னும் விதி மாறவில்லை என்பதே கேள்விக்குரியது.

இதனைப் படிக்கும் ஆசிரியர் எவருக்கும் உள்ளூரச் சிறிது உறுத்தல் ஏற்படவேண்டும். பின்வாங்கில் அசையாதிருக்கும் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் 'நன்னடத்தை' என்றெழுதிவிட்டு அடுத்த அறிக்கையை எடுப்பவர்களில் நானும் ஒருவன். அழாத குழந்தை நல்ல குழந்தை என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? அதனை உடைத்தவர் யாவர்? உடைந்தபின் பழி யார் தலையில் வீழ்ந்தது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவில் ஏழைகளின் குழந்தைகள் தாயைப் பிரிந்து நிறுவனங்களில் வாழ்ந்த வரலாறு நெடியது. தோமஸ் கோறம் என்னும் கப்பற்றலைவரின் முயற்சியால் 1739இல் அரச பட்டயம் பெற்று, 1741இல் முதற் குழந்தைகளை ஏற்ற இலண்டன் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். அது 'கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம்' எனப்பட்டது. கைவிட்டவர்கள் என்று உலகம் கூறிய அத்தாய்மாரோ, என்றேனும் ஒருநாள் மீட்க வருங்கால் அடையாளங் காட்டுதற்காகத் துணித்துண்டு, நாடா, நாணயம் என ஏதேனும் ஒன்றைக் குழந்தையுடன் விட்டுச் சென்றனர். அவை இன்றும் இலண்டனிற் பேணப்படுகின்றன. மீட்கப்பட்ட குழந்தைகள் மிகச் சிலரே. 1756 முதல் 1760 வரை, பாராளுமன்றத்தின் பணவுதவியுடன், கொண்டுவரப்பட்ட குழந்தைகள் யாவரையும் இல்லம் ஏற்றது. ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்தனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் மடிந்தனர். பிழைத்தவர்கள் நாட்டுப்புறத்துச் செவிலித்தாயரிடம் வளர்ந்து, அவரையே தாயென்று பழகியபின், ஐந்து வயதளவில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒரு குழந்தை இருமுறை தாயை இழந்தது.

வசதிபடைத்தோர் வீட்டுக் குழந்தைக்கு வேறுவகையான கொடுமை காத்திருந்தது. அது விஞ்ஞானத்தின் பெயரால் வந்தது. 1894இல் நியூயோர்க் வைத்தியர் எமெற் ஹோல்ற் வெளியிட்ட குழந்தை பராமரிப்பு நூல், நாவலரின் சைவ வினாவிடையை நினைவூட்டும் வகையில் வினாவும் விடையுமாக அமைந்தது. குழந்தையை ஆட்டித் தூங்கவைத்தல் ஆகாது; சிறு குழந்தையுடன் விளையாடுதல் தீது; நாள்தோறும் சிறிது நேரம் அழுவது நுரையீரலுக்கு நற்பயிற்சி என்பன அதன் போதனைகளுட் சில. 1928இல் வெளிவந்த ஜோன் வாற்சனின் நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அணைக்க வேண்டாம், முத்தமிட வேண்டாம், மடியில் இருத்த வேண்டாம். காலையிற் கைகுலுக்கினாற் போதும் என்பது அவர் கட்டளை. நடத்தைவாத உளவியலைத் தோற்றுவித்த வாற்சன், 1920இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, விளம்பரக் கம்பனியொன்றில் உயர்பதவி வகித்த காலத்தில் எழுதிய நூல் இது. தொழிற்சாலைச் சங்குக்கு எழும் சமுதாயத்துக்கு வேண்டிய மனிதனைத் தொட்டிலிலேயே தயாரிக்கும் முயற்சி இது என்று கூறுதல் மிகையாகலாம். ஆயினும் நேரந்தவறாமை, தேவையை வெளிக்காட்டாமை, எவரையும் நாடாமை ஆகிய அதே குணங்களையே முதலாளி தொழிலாளியிடத்தும் வாற்சன் குழந்தையிடத்தும் எதிர்பார்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இப்போதனைக்கு முதற் பேரடி சிறைச்சாலையிலிருந்து கிடைத்தது. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய உளவைத்தியர் றெனே ஸ்பிற்ஸ், 1945இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இரு நிறுவனங்களை ஒப்பிட்டார். ஒன்று அநாதைக் குழந்தைகள் இல்லம். அங்கு நல்ல உணவு, மிகுந்த சுத்தம், வைத்தியர் வருகை யாவும் உண்டு. ஆனால் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. கட்டிற் பக்கங்களில் விரிப்புகள் தொங்கவிடப்பட்டிருந்தமையால் குழந்தைகள் கண்டது முகட்டை மட்டுமே. மற்றையது பெண்கள் சிறைச்சாலையின் குழந்தைக் காப்பகம். அங்கு தண்டனை பெற்ற தாய்மார் தத்தம் குழந்தைகளைத் தாமே வளர்த்தனர். இரண்டாண்டுகளில் இல்லத்துக் குழந்தைகள் 91 பேருள் 34 பேர் இறந்தனர். சிறைக் காப்பகத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. சமுதாயம் குற்றவாளியென்று ஒதுக்கிய பெண்ணின் மடி, கிருமியற்ற கட்டிலினும் பாதுகாப்பாயிருந்தது. ஸ்பிற்ஸின் ஆராய்ச்சி முறையிற் குறைகள் உண்டு. இல்லத்திற் சின்னமுத்து பரவியமையும் இறப்புக்கு ஒரு காரணம். ஆயினும் அவர் எடுத்த திரைப்படத்திலுள்ள முகங்களை எந்தக் கணக்குப் பிழையாலும் அழித்துவிட முடியாது.

லோராவைப் படம்பிடித்தவர் யார் என்று இனிக் கூறவேண்டும். ஜேம்ஸ் றொபேட்சன் வைத்தியரல்லர். ஸ்கொத்லாந்துத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போரிட மறுத்த அவர், அன்னா பிராய்டும் டொறத்தி பேர்லிங்ஹாமும் இலண்டன் ஹாம்ஸ்ரெட் பகுதியில் நடத்திய போர்க்காலக் குழந்தைக் காப்பகத்திற் கொதிகலன் பார்க்கும் வேலையில் அமர்ந்தார். அவர் மனைவி ஜோய்சும் அங்கேயே பணிபுரிந்தார். குண்டுவீச்சினால் வீடிழந்து குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்கான இடம் அது. அங்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சமையற்காரர் முதல் கொதிகலன் பார்ப்பவர் ஈறாக, வேலைசெய்யும் ஒவ்வொருவரும் தாம் கண்ட குழந்தையின் நடத்தையை அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். கொதிகலன் அறையிலிருந்து மேலே வந்த ஒருவர் உற்றுநோக்கும் கலையைக் கற்றது இவ்வாறே. பட்டம் பெற்ற நம்மவர் பலருக்கு இக்கலை கைவருவதில்லை.

1948இல் றொபேட்சன் ராவிஸ்ரொக் நிலையத்தில் ஜோன் போல்பியுடன் சேர்ந்தார். வைத்தியசாலை வார்ட்டுகளில் மாதக்கணக்காக இருந்து நோக்கியவர், பிரிவுற்ற குழந்தை மூன்று கட்டங்களைக் கடப்பதாகக் கூறினார். முதலில் எதிர்ப்பு: அழும், தேடும், கதவைப் பார்க்கும். அடுத்து நம்பிக்கையிழப்பு: அடங்கும், ஒடுங்கும். மூன்றாவது விலகல்: சிரிக்கும், விளையாடும்; தாய் வந்தால் அந்நியரைப் போற் பார்க்கும். வைத்தியர்கள் குணமென்று கொண்டாடியது இம்மூன்றாம் கட்டத்தையே.

போல்பியின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. பிரபுக் குடும்பம், தந்தை அரச குடும்பத்துச் சத்திரவைத்தியர். குழந்தையைத் தாய் நாளொன்றுக்குச் சிறிது நேரமே காண்பதும், பராமரிப்பெல்லாம் பணிப்பெண் கையில் இருப்பதும் அவ்வர்க்கத்தின் வழக்கம். தன்னை வளர்த்த பணிப்பெண் நான்கு வயதளவில் வேலையைவிட்டுப் போனதை அவர் தாயிழப்புக்கு ஒப்பான துயரமாகப் பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை, குழந்தைக்கு உணவுபோல அன்பான இடையறா உறவும் இன்றியமையாதது என வாதிட்டது. பால் தருவதனாலேயே குழந்தை தாயை நாடுகிறது என்னும் பழைய கொள்கையை அவர் 1958இல் மறுத்தார். பிணைப்பு வேறொன்றன் விளைவன்று. அது தானே ஓர் அடிப்படைத் தேவை என்றார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹரி ஹாலோ தமது குரங்குக் குட்டிகளைப் பற்றிப் பேசினார். பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டு, பால் தராத துணிப் பொம்மையை அக்குட்டிகள் கட்டிக்கொண்டன. உண்மை நிலைநாட்டப்பட்டது, அதற்காக அக்குட்டிகள் பட்ட துன்பத்தை இங்கு விரித்தல் வேண்டாம்.

வைத்தியசாலைகள் மெல்லவே அசைந்தன. 1959இல் பிளற் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்துபோகலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்க, வாயிற்கதவு பூட்டியே இருந்தது. 1961இல் றொபேட்சனின் படங்களைத் தொலைக்காட்சியிற் கண்ட தாய்மார் இலண்டன் பற்றசீப் பகுதியிற் கூடிச் சங்கம் அமைத்து, வைத்தியசாலை வைத்தியசாலையாகக் கேள்வி கேட்கத் தொடங்கிய பின்னரே கதவுகள் திறக்கலாயின.

ஆனால் இதே கொள்கை வேறோரிடத்தில் வேறு வேலையும் செய்தது. போர்க்காலத்திற் பெண்களின் உழைப்பு தேவைப்பட்டபோது பிரித்தானிய அரசாங்கம் நூற்றுக்கணக்கில் குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் 1945 முதல் அவற்றுக்கான நிதி குறைக்கப்பட்டு, அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. போல்பியின் அறிக்கை பின்னர் வந்தது. ஆகவே காப்பகங்களை மூடியவர் அவரென்று கூறுதல் வரலாற்றுப் பிழை. மூடிய கதவுக்குப் பூட்டாக அது பயன்பட்டது என்பதே சரி. பிரபு வீட்டுத் தாயின் விலகலை எவரும் விசாரிக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போகும் தாயின் எட்டு மணிநேரமோ 'தாய்மை இழப்பு' என்று பெயர் பெற்றது. அநாதை இல்லத்துக் குழந்தையிடம் கண்ட கேட்டை, மாலையில் வீடு திரும்பும் தாயின் குழந்தைக்கும் ஏற்றிக் கூறினர். முன்பு குழந்தை குற்றவாளி, இப்போது தாய்.

இச்சிக்கலை அவிழ்க்கும் நூல்முனை ஆபிரிக்காவிற் கிடைத்தது. போல்பியிடம் பணிபுரிந்து, றொபேட்சனின் நேரடி நோக்கலில் ஈடுபாடு கொண்ட மேரி ஐன்ஸ்வேர்த், கணவரின் உத்தியோகம் காரணமாக 1954இல் உகண்டாவுக்குச் சென்றார். கம்பாலாவைச் சூழ்ந்த கிராமங்களில் கண்டா இனத்து வீடுகளுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை சென்று, 28 குழந்தைகளைத் தாய்மாருடன் வைத்துப் பல மாதங்கள் நோக்கினார். அத்தாய்மார் தோட்டத்தில் மண்கொத்தி உழைப்பவர்கள். குழந்தையைப் பாட்டி, அக்காள், அயலார் எனப் பலரும் தூக்கினர். ஆயினும் குழந்தைகளுட் பெரும்பாலோர் உறுதியான பிணைப்புடையோராய் இருந்தனர். 16 பேர் அவ்வாறு, எழுவர் உறுதியற்றோர், ஐவர் எவரிடமும் இன்னும் பற்றுக்கொள்ளாதோர். பலர் கைப்படுதல் பிணைப்பைக் கெடுக்கவில்லை என்று 1967இல் வெளியான தமது நூலில் அவர் காட்டினார். நெடுநேரம் தனியே விடப்படுதலும், அழைப்புக்கு மறுமொழி இல்லாமையுமே பற்றற்ற குழந்தைகளிடம் காணப்பட்டன. தவழும் குழந்தை தாயை விட்டு நகர்ந்து, உலகத்தைத் துழாவி, திரும்பிப் பார்த்து, ஓடிவந்து தொட்டு, மீண்டும் போவதை அவர் அங்கேதான் வியந்து கண்டார். நமது பிள்ளைத்தமிழ் மரபில் இப்பருவத்துக்கு வாரானை என்று பெயர், பதின்மூன்றாம் மாதத்துக்குரியது. முருகனையும் குறுநில மன்னரையும் 'வருக' என்றழைத்த புலவர்கள் உழவன் வீட்டுக் குழந்தைமேற் பிள்ளைத்தமிழ் பாடாவிடினும், நடைபயிலும் பிள்ளையை அவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பின்னர் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஓராண்டுக் குழந்தைகளுக்கென ஐன்ஸ்வேர்த் வகுத்த சோதனை பெயர்பெற்றது. அறிமுகமற்ற அறையொன்றில், இருபது நிமிடங்களுள், தாய் இருமுறை வெளியேறித் திரும்புவாள். பெரும்பாலான குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் அணைந்து, ஆறி விளையாடின. சில குழந்தைகளோ அழவில்லை. தாய் திரும்பியபோது ஏறிட்டும் பாராது பொம்மைகளை உருட்டின. சுயாதீனமான குழந்தைகள் என்று எவரும் மெச்சக்கூடும். பின்வந்த ஆராய்ச்சியாளர் அக்குழந்தைகளின் நாடித் துடிப்பை அளந்தபோது அது விரைந்து துடித்தது. லோராவின் திரும்பிய முகத்துக்கு இது ஒரு விளக்கம். பால்ற்றிமோரில் இன்னொன்றும் தெரியவந்தது. முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து மறுமொழி பெற்ற குழந்தைகள் ஆண்டிறுதியிற் குறைவாகவே அழுதன என 1972இல் சில்வியா பெல்லும் ஐன்ஸ்வேர்த்தும் எழுதினர். கணக்கிட்ட முறைபற்றி விவாதம் எழுந்தபோதும், ஹோல்ற்றின் நுரையீரற் பயிற்சி அத்துடன் முடிந்தது எனலாம்.

குழந்தைகள் எல்லாரும் ஒரே சுபாவத்துடன் பிறப்பதில்லை என்பதைப் பல பிள்ளை பெற்ற தாய் எவளும் அறிவாள். உளவியல் இதனை ஏற்க நெடுங்காலம் எடுத்தது. குழந்தையின் குறை ஒவ்வொன்றுக்கும் தாயையே பழிப்பதைக் கண்டு சலித்த உளவைத்தியத் தம்பதிகளான அலெக்சாந்தர் தோமஸும் ஸ்ரெல்லா செஸும் 1956இல் நியூயோர்க்கில் நெடுநாள் ஆய்வொன்றைத் தொடங்கினர். நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் எளிதிற் பழகுவோர். 10 பேர் கடினமானோர். 15 பேர் மெல்ல மெல்லப் பழகுவோர். எஞ்சியோர் எவ்வகையிலும் அடங்காதோர். சுபாவம் மட்டும் எதனையும் தீர்மானிப்பதில்லை, அது சூழலுடன் பொருந்துகிறதா என்பதே தீர்மானிக்கும் என்பது அவர்கள் முடிவு.

இவ்வாய்வின் குடும்பங்கள் மத்தியதர வர்க்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவர்கள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளையும் ஆராய்ந்தனர். மத்தியதர வீட்டில் நேரத்துக்குத் தூங்காத குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோகப்பட்டது. தொழிலாளர் வீட்டில் அதனை எவரும் நோயாகக் கருதவில்லை. அங்கு முறையிடப்பட்டது ஓயாத துள்ளல். காரணம் எளிது. சிறிய வீடு, தெருவோ ஆபத்தானது, பிள்ளைகள் உள்ளே அடைக்கப்பட்டனர். மத்தியதரக் குழந்தைகளிடம் இம்முறைப்பாடு ஏறத்தாழ இல்லை. வீட்டு வாடகை, குழந்தையின் சுபாவமாகப் பெயர்மாறி வைத்தியக் குறிப்பில் ஏறியது.

இதனினும் கூர்மையான சான்று கென்யாவின் மசாய் மக்களிடமிருந்து வந்தது. 1970களின் வறட்சிக் காலத்தில் மார்ற்றன் டி விறீஸ் என்னும் வைத்தியர், இதே அளவைகளைக் கொண்டு 'எளிய' குழந்தைகள் பத்துப் பேரையும் 'கடினமான' குழந்தைகள் பத்துப் பேரையும் குறித்துவைத்தார். மாதங்கள் கழித்து மீண்டும் தேடிச்சென்றபோது எல்லாக் குடும்பங்களையும் காண முடியவில்லை. கண்டவற்றுள், எளிய குழந்தைகள் எழுவரில் ஐவர் இறந்திருந்தனர். கடினமான குழந்தைகள் அறுவரில் இறந்தவர் ஒருவரே. தொகை சிறிது, பெரிய முடிபுகளுக்குப் போதாது. ஆயினும் அழுத பிள்ளைக்கே பால் என்னும் நம் பழமொழியைச் சொன்னவர்கள் பஞ்சத்தைக் கண்டவர்களாகவே இருந்திருக்கவேண்டும்.

நெதர்லாந்தில் வான் டென் பூம் 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வருவாய் குறைந்த நூறு தாய்மாரையும், எளிதிற் சிணுங்கும் அவர்களது குழந்தைகளையும் பற்றியது. பாதிப் பேரின் வீட்டுக்கு மும்முறை சென்று, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கத் துணைசெய்தார். அவர்களிற் பெரும்பாலோரின் குழந்தைகள் ஒரு வயதில் உறுதியான பிணைப்புடன் இருந்தன. மற்றப் பாதியிற் சிறுபான்மையினரே அவ்வாறிருந்தனர். மூன்று வருகைகள்! வறுமை அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எல்லாம் அறியப்பட்டபின் நிகழ்ந்ததுதான் ருமேனியா. 1966இல் அந்நாட்டு அரசு, சனத்தொகையைப் பெருக்கும் நோக்குடன் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற குடும்பங்களின் குழந்தைகளை அரசே வளர்க்கும் என்றது. 1989 டிசெம்பரில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரச இல்லங்களில் இருந்தனர். சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட அரசு இதனைச் செய்தது என்பதை நம்மனோர் மறைத்தலாகாது. தொழிலாளியின் குழந்தையை எண்ணிக்கையாகக் கண்ட ஆட்சி அது. கோறத்தின் இல்லத்துக்கும் அதற்கும் இடையே இரு நூற்றாண்டுகளும் ஒரு கொடியுமே வேறுபாடு.

புக்கரெஸ்ற் நகரின் இல்லங்களுக்குள் நுழைந்த ஆராய்ச்சியாளரை முதலில் திகைக்கவைத்தது அங்கு நிலவிய மௌனம். அறை நிறையக் கைக்குழந்தைகள், அழுகை இல்லை. அழுதால் எவரும் வருவதில்லை என்பதை அவை கற்றிருந்தன. நெல்சன், பொக்ஸ், சீனா என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், ருமேனியருடன் இணைந்து, 2000ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளிற் பாதிப் பேர் குலுக்கல் முறையில் தெரிவுசெய்யப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் இருந்தவாறே இருந்தனர். இரண்டு வயதாகுமுன் குடும்பத்தை அடைந்தவர்கள் பிணைப்பிலும் அறிவுவளர்ச்சியிலும் பெரிதும் தேறினர். பிந்திச் சென்றவர்கள் அவ்வளவு தேறவில்லை. முன்பே அறிந்த உண்மையை நிறுவக் குழந்தைகளைக் குலுக்கிப் பிரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது, எழவேண்டியதே. அந்நாட்டில் அப்போது வளர்ப்புக் குடும்ப முறை ஏறத்தாழ இல்லை என்றும், சான்றின்றி அரசு அசையாது என்றும் ஆய்வாளர் விடையிறுத்தனர். 2005 முதல், கடுமையான ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களிற் சேர்ப்பதைச் சட்டம் தடுத்தது. குலுக்கலில் இடம்பெறாத குழந்தைகளுட் பலரும் காலப்போக்கில் ஏதோவொரு வகையில் இல்லங்களை விட்டு வெளியேறினர். அப்போது அவர்களிற் பெரும்பாலோருக்கு இரண்டு வயது கடந்திருந்தது.